75 ஆயிடுச்சுன்னா ரிட்டர்ன் வேண்டாம்னு நம்பி நான் பட்ட பாடு

எனக்கு இப்ப 78 வயசு. திருச்சி பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்ல 38 வருஷம் வேலை பார்த்துட்டு 2007 ஆகஸ்ட்ல ரிடையர் ஆனேன். சர்வீஸ்ல இருந்த வரைக்கும் வருமான வரி ரிட்டர்ன்லாம் ஆபீஸ்ல ஒருத்தர் எல்லாருக்கும் சேர்த்து எழுதிக் குடுத்துடுவாரு, கையெழுத்து போடறது மட்டும்தான் நம்ம வேலை. ரிடையர் ஆனப்பறம் தெரிஞ்ச ஆடிட்டர் ஒருத்தர் பண்ணிக்கிட்டு இருந்தாரு, அவரு கொரோனால தவறிட்டாரு. பையன் ரெண்டு வருஷம் புனேலேர்ந்தே பண்ணான், ஓடிபி மட்டும் என் வீட்டுக்காரி போனுக்கு வரும், அவ படிச்சு சொல்லுவா. அவ 2022 பிப்ரவரில போய்ட்டா. அந்த ஜூலைல அவ சிம் இன்னும் உயிரோட இருந்துச்சு, அதுல வந்த ஓடிபியை நானே படிச்சு பையனுக்கு சொன்னேன். நான் ஒழுங்கா பைல் பண்ண கடைசி ரிட்டர்ன் அதுதான். அதுக்கப்பறம் ரெண்டு வருஷம் கோட்டை விட்டுட்டு 2025 மே மாசத்துலேர்ந்து அலையா அலைஞ்சேன், யாராவது ஒருத்தர் முன்னாடியே சொல்லியிருந்தா இவ்ளோ ஆகியிருக்காது, அதான் எழுதறேன்.

2022 ஆகஸ்ட்ல எனக்கு 75 முடிஞ்சுது. பொன்மலை ஞாயித்துக்கிழமை சந்தையில கத்தரிக்கா பொறுக்கிக்கிட்டு இருந்தப்ப கூட வேலை பார்த்தவர் ஒருத்தர் தோள்ல தட்டி, "இனிமே உனக்கு ரிட்டர்னே கிடையாதுய்யா, 75 ஆனவங்களுக்கு வேண்டாம்னு பட்ஜெட்லயே சொல்லியாச்சு"ன்னாரு. நானும் அதை எங்கயோ டிவில பார்த்த ஞாபகம் இருந்துச்சு. அவ்ளோதான், அடுத்த ஜூலைல பையன் போன் பண்ணி கேட்டப்ப "வேண்டாம்டா, அப்பாவுக்கு வயசாயிடுச்சு, கவர்மெண்டே விட்டுடுச்சு"ன்னு பெருமையா சொன்னேன். அவனும் ஜெர்மனிக்கு கிளம்பற அவசரத்துல இருந்தான், விட்டுட்டான்.

அவரு சொன்னது பொய் இல்ல, பாதிதான் உண்மை. 2021 பட்ஜெட்ல நிதி மந்திரி நிர்மலா சீதாராமன் அறிவிச்சது நிஜம், 194பி (194P)ன்னு ஒரு செக்‌ஷன் அந்த வருஷம் ஏப்ரல்லேர்ந்து வந்துச்சு. ஆனா அதுல இருக்கற கண்டிஷன் எதுவும் சந்தை வரைக்கும் வந்து சேரலை. 75 ஆகியிருக்கணும், வருமானம் பென்ஷனும் வட்டியும் மட்டும்தான் இருக்கணும், அந்த வட்டியும் பென்ஷன் வர்ற அதே பேங்க்லேர்ந்துதான் வரணும், எல்லாத்துக்கும் மேல 12பிபிஏ (12BBA)ன்னு ஒரு பாரத்தை நாமளே எழுதி பேங்க்ல குடுக்கணும். குடுத்தா பேங்க்காரங்களே வரிக் கழிவெல்லாம் போட்டுக் கணக்கு பார்த்து, வரி இருந்தா பிடிச்சுக்குவாங்க, நம்ம ரிட்டர்ன் போட வேண்டாம். பாரம் குடுக்கலைன்னா 75 ஆனாலும் 95 ஆனாலும் எல்லாரையும் மாதிரி நாமளும் பைல் பண்ணித்தான் ஆகணும். நான் பாரமும் குடுக்கலை, அதுக்கும் மேல 2023 ஏப்ரல்ல 10 லட்ச ரூபாயை போஸ்ட் ஆபீஸ் சீனியர் சிட்டிசன் சேமிப்புத் திட்டத்துல போட்டுட்டேன். 8.2 சதவீதம் வட்டி, மூணு மாசத்துக்கு ஒருதரம் 20,500 ரூபாய், யாருக்குத்தான் ஆசை வராது. ஆனா அந்த வட்டி வேற இடத்துலேர்ந்து வர்றதால எனக்கு 194பி கதவே மூடிடுச்சு. இதே திட்டம் பேங்க்லயும் இருக்கு, பென்ஷன் வாங்கற பேங்க்லயே போட்டிருந்தா தப்பிச்சிருப்பேன். இன்னொரு பேங்க்ல பழைய சேவிங்ஸ் கணக்குல வருஷம் 200 ரூபா வட்டி வந்தாலும் இதே கதிதான், ஷேர் டிவிடெண்டு, வீட்டு வாடகைன்னு ஏதாவது இருந்தா பேச்சே இல்ல.

அப்பறம் இந்த 15எச்-ங்கற பாரம் விஷயம். 60 தாண்டினவங்க, மொத்த வருமானத்துக்கும் வரி பூஜ்யம்னா, அதை எழுதிக் குடுத்தா வட்டியில டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே கழிக்கற வரி, பிடிக்க மாட்டாங்க. ஆனா ஒருதரம் குடுத்தா போதாது, ஒவ்வொரு வருஷமும் புதுசா குடுக்கணும், அதுவும் ஒவ்வொரு பேங்குக்கும் தனித்தனியா, போஸ்ட் ஆபீஸுக்கு தனியா. ஏப்ரல் பொறந்தா என் வீட்டுக்காரிதான் "ஏங்க, அந்தப் பாரத்தை குடுத்துட்டு வந்துடுங்க"ன்னு பிடிச்சுத் தள்ளுவா. அவ போனதுக்கப்பறம் எனக்கு அந்த ஞாபகமே வரலை. 2022-23 வருஷத்துல பேங்க்ல 9,800 ரூபாய் பிடிச்சாங்க, 2023-24-ல பேங்க்லயும் போஸ்ட் ஆபீஸ்லயும் சேர்த்து 18,800. பாஸ்புக்ல வட்டி கம்மியா விழுந்திருக்குன்னு கூட நான் கவனிக்கலை. நான் கட்ட வேண்டிய வரி ரெண்டு வருஷமும் பூஜ்யம். ஆக 28,600 ரூபாய் என் காசு கவர்மெண்ட் கிட்ட போய் உக்கார்ந்துக்கிச்சு, கேக்கறதுக்கு நான் போகலை.

2025 மே மாசம் போனுக்கு ஒரு மெசேஜ் வந்துச்சு, உங்க பான் நம்பர்ல வருமானம் பதிவாகியிருக்கு, ரிட்டர்ன் காணோம்ங்கற மாதிரி. முதல்ல ஏமாத்துக்காரன் வேலைன்னு நினைச்சு அழிச்சுட்டேன். அதுல தப்பு இல்ல, இப்படி வர்ற லிங்கை தொடவே கூடாது, ரீஃபண்டு வந்திருக்கு இதை அழுத்துன்னு வர்றதுல ஏமாந்தவங்க எங்க தெருவுலயே ரெண்டு பேர் இருக்காங்க. ஆனா அழிச்சுட்டு சும்மா இருந்ததுதான் தப்பு, வருமான வரி போர்ட்டலுக்கு நாமளே தனியா போய் உள்ள பார்த்திருக்கணும். ரெண்டு வாரம் தூக்கம் வரலை. ஜெயில்ல போட்டுடுவானோன்னு கூட ராத்திரில தோணும், இந்த வயசுல கெட்ட பேரான்னு. பையன்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு, நான்தானே வேண்டாம்னு வீறாப்பா சொன்னேன்.

அதனால யாருக்கும் சொல்லாம மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டருக்கு போனேன். வாசல்ல "ஐடி ரிட்டர்ன் 500 ரூபாய்"னு போர்டு. உள்ள இருந்த தம்பி நல்லாத்தான் பேசினான், "ஐயா நீங்க உக்காருங்க, 10 நிமிஷம்"னான். பையன் எழுதி வச்சிருந்த நோட்டுப்புத்தகத்துலேர்ந்து பாஸ்வேர்டை குடுத்தேன். அவன் தட்டுனான் தட்டுனான், "2024-25-க்கு போட்டாச்சு ஐயா, 19,400 ரூபாய் ரீஃபண்டு வரும், வந்தோன எனக்கு பத்து பெர்சென்ட் குடுத்துடுங்க"ன்னான். பழைய ரெண்டு வருஷத்தை பத்தி கேட்டேன், "அதெல்லாம் டைம் முடிஞ்சுது ஐயா, விடுங்க"ன்னு சொல்லிட்டான். ஒரு பேப்பரை பிரிண்ட் எடுத்து குடுத்தான், நானும் சட்டைப்பைல மடிச்சு வச்சுக்கிட்டு நிம்மதியா ஒரு காபி குடிச்சுட்டு பஸ் ஏறினேன்.

எதிர் வீட்டுல பி.காம் படிக்கற பொண்ணு ஒண்ணு இருக்கு, என்னை தாத்தான்னுதான் கூப்பிடும். பத்து நாள் கழிச்சு அந்தப் பேப்பரை அதுகிட்ட காட்டினேன். பார்த்துட்டு "தாத்தா, நீங்க வருஷத்துக்கு ஒண்ணரை லட்சம் இன்சூரன்ஸ் கட்டறீங்களா?"ன்னு கேட்டுச்சு. எனக்கு எந்த இன்சூரன்ஸும் கிடையாதும்மான்னேன். போர்ட்டல்ல போய் பார்த்தா பழைய முறையை (வரிக் கணக்கு போட பழசு, புதுசுன்னு ரெண்டு முறை இருக்கு) தேர்ந்தெடுத்து, இன்சூரன்ஸ் மாதிரி சேமிப்புக்கு கழிவு கேக்கற 80சி-ல ஒண்ணரை லட்சம்னு போட்டு, பாலிசி நம்பர்னு கேட்ட இடத்துல என்னமோ பத்து நம்பரை அடிச்சு வச்சிருக்கான். 2025-ல வந்த பாரத்துல அந்த விவரமெல்லாம் கேட்டாங்க, அதுக்கும் அவன் அசரலை. மொபைல் நம்பர், ஈமெயில் ரெண்டுமே அவனோடது. நாளைக்கு டிபார்ட்மெண்ட்லேர்ந்து கேள்வி வந்தா அவனுக்குத்தான் போகும், எனக்கு தெரியவே தெரியாது, பதில் சொல்ல வேண்டியது மட்டும் நான். பொய்க் கழிவு காட்டி வரியைக் குறைச்சா, குறைச்ச வரிக்கு இருநூறு சதவீதம் அபராதம் போட சட்டத்துல இடம் இருக்கு.

இதுல வயித்தெரிச்சல் என்னன்னா பொய்யே தேவைப்படலை. அந்த வருஷம் என் பென்ஷன் 4,44,000, பேங்க் டெபாசிட் வட்டி 1,12,000, போஸ்ட் ஆபீஸ் வட்டி 82,000, சேவிங்ஸ் வட்டி 4,000, ஆக 6,42,000. புது முறையில ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் 75,000 போனா 5,67,000. அந்த வருஷத்துக்கு 7 லட்சம் வரைக்கும் தள்ளுபடி இருக்கு, வரி பூஜ்யம். பிடிச்ச 19,400-ம் அப்படியே திரும்ப வரணும். நேர்மையா போட்டாலே வர்ற அதே தொகைக்கு என்னை திருடன் ஆக்கி வச்சிருக்கான். அதனால சொல்றேன், யார் பைல் பண்ணாலும் அனுப்பறதுக்கு முன்னாடி ரெண்டு முறையிலயும் வரி எவ்ளோன்னு கேளுங்க, எந்தக் கழிவு போட்டிருக்காங்கன்னு ஒவ்வொண்ணா கேளுங்க, மொபைலும் ஈமெயிலும் உங்களோடதான்னு கண்ணால பாருங்க, ரீஃபண்டுல பங்கு கேக்கறவன் கடை வாசப்படியை மிதிக்காதீங்க. பழைய முறையில சீனியருக்கு டெபாசிட் வட்டியில 50,000 வரைக்கும் கழிவு, இன்சூரன்ஸ் இல்லாதவங்களுக்கு மருத்துவச் செலவு 50,000 வரைக்கும், 80 தாண்டினா முதல் 5 லட்சத்துக்கு வரியே இல்லன்னு நல்லது நிறைய உண்டு, பெரிய வைத்தியச் செலவு இருக்கறவங்க அதையும் போட்டுப் பாக்கணும். எனக்கு புதுசுதான் சுளுவா இருந்துச்சு.

நல்லகாலம் ஒண்ணு நடந்துச்சு. அந்தத் தம்பி பைல் பண்ணானே ஒழிய, ஓடிபி போட்டு உறுதிப்படுத்தற வெரிபையை பண்ணலை. ஆதார் ஓடிபி போன நம்பர் என் வீட்டுக்காரியோடது, ரீசார்ஜ் பண்ணாம அந்த சிம் செத்து ரெண்டு வருஷம் ஆச்சு, ஓடிபி வராததை என்கிட்ட சொல்லாமலே அனுப்பிட்டான். 30 நாளுக்குள்ள வெரிபை பண்ணாத ரிட்டர்ன் அந்தத் தேதிக்கு போட்டதா எடுத்துக்க மாட்டாங்க, நிறைய பேர் சப்மிட் அழுத்தினதோட முடிஞ்சுதுன்னு நினைச்சு இதுலதான் மாட்டறாங்க. ஆனா எனக்கு அதுவே வரமா போச்சு. வெரிபை ஆகாத ரிட்டர்னை டிஸ்கார்ட்னு ஒரு பட்டன் அழுத்தி தூக்கிப் போட்டுட்டு புதுசா போடலாமாம், அந்தப் பொண்ணுதான் கண்டுபிடிச்சுச்சு. வெரிபை ஆகியிருந்தா திருத்திய ரிட்டர்ன் போட்டிருக்கணும், அந்தப் பொய் டிபார்ட்மெண்ட் ரெக்கார்டுல ஏறியிருக்கும். முதல் காரியமா பாஸ்வேர்டை மாத்தினோம், மொபைலும் ஈமெயிலும் என்னோடது போட்டோம், அப்பறம் அழிச்சோம்.

புதுசா போடறதுக்கு முன்னாடி ஆதார்ல மொபைல் நம்பரை மாத்தணும். அதுக்குப் பட்டதை சொன்னா சிரிப்பீங்க. அப்ப கட்டணம் 50 ரூபாய்தான், ஆனா கைரேகை வைக்கணும். 38 வருஷம் அரத்தையும் சுத்தியலையும் பிடிச்ச கை இது, விரல் நுனி எல்லாம் வழவழன்னு பீங்கான் மாதிரி இருக்கும். மெஷின்ல வச்சா சிவப்பா எரியும், எடுக்கலைன்னு அர்த்தம். கவுண்டர்ல இருந்த பொண்ணு ஈரத்துணி குடுத்து துடைக்க சொல்லுச்சு, எரிஞ்சுது. தலையில தேய்ச்சுட்டு வைங்கய்யான்னுச்சு, எண்ணெய்ப் பசை இருந்தா எடுக்குமாம், என் தலையில ஏது முடி ஏது எண்ணெய். பத்து விரலையும் மாத்தி மாத்தி வச்சோம். பின்னாடி லைன்ல நின்னவங்க உச்சுக் கொட்ட ஆரம்பிச்சாங்க, எனக்கு கை நடுங்க ஆரம்பிச்சுது, நடுங்கினா இன்னும் எடுக்காது. ரெண்டு தடவை அப்படியே திரும்பி வந்துட்டேன். மூணாவது தடவை வேற சென்டர்ல ஒரு பையன் "கண்ணை வச்சு பண்ணிடலாம்யா"ன்னு கருவிழியை படம் எடுத்தான், கேட்டராக்ட் ஆபரேஷன் ஆன கண்ணு, எடுக்குமான்னு பயந்தேன், பொசுக்குன்னு எடுத்துடுச்சு. உங்க வீட்டுப் பெரியவங்களுக்கு ரேகை விழலைன்னா நாமளே கண்ணை வச்சு பண்ணுங்கன்னு கேக்கணும், அவங்களா சொல்ல மாட்டாங்க. ஆதார் ஓடிபிதான் வேணும்னும் இல்ல, நெட் பேங்கிங் வழியா வெரிபை பண்ணலாம், ஒண்ணுமே முடியலைன்னா ஐடிஆர்-விங்கற ஒரு பக்கத்தை பிரிண்ட் எடுத்து பேனாவுல கையெழுத்து போட்டு பெங்களூருல ரிட்டர்ன் பாக்கற சிபிசி ஆபீஸுக்கு தபால்ல 30 நாளுக்குள்ள அனுப்பலாம். இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா நான் மூணு நாள் லைன்ல நின்னிருக்க மாட்டேன்.

அடுத்தது பேங்க் கணக்கு. ரீஃபண்டு வர்ற கணக்கை போர்ட்டல்ல வேலிடேட் பண்ணணும், பண்ணா பேர் பொருந்தலைன்னு வருது. எங்க தலைமுறைக்கு இனிஷியல்தான் தகராறு, பேங்க்ல முன்னாடி ஒரே ஒரு எழுத்து, பான்ல அப்பா பேர் முழுசா நீட்டி பின்னாடி. பேங்குக்கு ரெண்டு நடை நடந்து பான்ல இருக்கற மாதிரியே மாத்தினேன். அங்க போன சாக்குல 12பிபிஏ பத்தி விசாரிச்சேன், கவுண்டர்ல இருந்தவர் "15எச் தானே சார்?"னாரு, இல்லன்னேன், உள்ள போய் கேட்டுட்டு வந்து "அப்படி ஒண்ணு எங்ககிட்ட வரலையே"ன்னாரு. காகிதத்துல இருக்கற சலுகை கவுண்டர் வரைக்கும் இன்னும் வந்து சேரலை, என்னத்த சொல்ல.

2025-ல கடைசி தேதியை ஜூலை 31-லேர்ந்து செப்டம்பர் 15-க்கு தள்ளி வச்சிருந்தாங்க, அதனால தப்பிச்சேன். ஆகஸ்ட் ரெண்டாவது வாரம் அந்தப் பொண்ணு பக்கத்துல உக்கார நானே ஐடிஆர்-1ங்கற ரிட்டர்ன் பாரத்தை போட்டேன். முதல்ல நம்ம வருமானம், பிடிச்ச வரி எல்லாம் பதிவாகியிருக்கற ஏஐஎஸ், 26ஏஎஸ்ங்கற ரெண்டு அறிக்கையையும் எடுத்து டிடிஎஸ் சரியா ஏறியிருக்கான்னு பார்த்தோம். இதுல ஒரு குழப்பம், 2024-25-ல வந்த வருமானத்துக்கு வரி கணக்கு பாக்கற அசெஸ்மெண்ட் இயர் 2025-26, நான் ஒரு மணி நேரம் தப்பான வருஷத்தை திறந்து வச்சுக்கிட்டு போஸ்ட் ஆபீஸ்காரன் என் காசை கட்டவே இல்லன்னு திட்டிக்கிட்டு இருந்தேன். பென்ஷன், டெபாசிட் வட்டியெல்லாம் அதுவே நிரம்பி வந்துச்சு, சரிபார்த்தா போதும். வட்டி கையில வராம டெபாசிட்லயே சேர்ந்துக்கிட்டே போனாலும் வருஷா வருஷம் வருமானம்தான், அதை விட்டுடாதீங்க. இருபது நிமிஷத்துல முடிஞ்சுது, ஓடிபி என் போனுக்கே வந்துச்சு. செப்டம்பர் கடைசில 19,980 ரூபாய் கணக்குல விழுந்துச்சு, மாசம் அரை சதவீதம் வட்டியோட. அந்த வட்டியும் அடுத்த வருஷ வருமானம்தான்.

பழைய 28,600-தான் இன்னும் உறுத்துது. ஒரு வருஷ ரிட்டர்னை கெடு தாண்டினாலும் டிசம்பர் 31 வரைக்கும் லேட்டா போடலாம், 5 லட்சத்துக்குள்ள வருமானம்னா 1,000, அதுக்கு மேலன்னா 5,000 வரைக்கும் லேட் பீஸ், ஆனாலும் ரீஃபண்டு கேக்கலாம். டிசம்பர் 31 தாண்டிடுச்சுன்னா அவ்ளோதான். பழைய வருஷத்துக்கு பின்னாடி போடற ஐடிஆர்-யுன்னு ஒண்ணு இருக்கு, அதுல பண்ணிடலாம்னு ஒருத்தர் சொல்லி நான் சந்தோஷப்பட்டுட்டேன், பார்த்தா அது வரி கூடுதலா கட்டறதுக்கு மட்டும்தான், திரும்பக் கேக்கறதுக்கு இல்ல. மிச்சம் இருக்கற ஒரே வழி தாமதத்தை மன்னிச்சு ஏத்துக்கச் சொல்லி 119(2)(b)ன்னு ஒரு மனு, போர்ட்டல்லயே போடலாம், அசெஸ்மெண்ட் இயர் முடிஞ்சு அஞ்சு வருஷம் வரைக்கும் டைம் இருக்கு, என் 2022-23 வருஷத்துக்கு 2029 மார்ச் வரைக்கும் வருது. வீட்டுக்காரி இறந்தது, தனியா இருக்கறது எல்லாம் எழுதி, அவ இறப்புச் சான்றிதழ் காப்பியும் வச்சு ஆகஸ்ட்லயே போட்டேன். இன்னும் பதில் இல்ல. ஏத்துக்கிட்டாங்கன்னாதான் ரிட்டர்னே போட விடுவாங்க.

2025 ஏப்ரல்லேர்ந்து சீனியருக்கு ஒரு பேங்க்ல வருஷ வட்டி 1 லட்சம் வரைக்கும் டிடிஎஸ் இல்ல, முன்னாடி 50,000-மா இருந்துச்சு. என் போஸ்ட் ஆபீஸ் வட்டி தப்பிச்சுது, பேங்க்ல மட்டும் 15எச் குடுத்துட்டேன், குடுத்ததுக்கு சீல் போட்ட காப்பியும் வாங்கி வச்சிருக்கேன். புது முறையில தள்ளுபடி 12 லட்சம் வரைக்கும் ஏறியிருக்கறதால என் மாதிரி பென்ஷன்காரங்க "அப்ப ரிட்டர்னே வேண்டாம்"னு மறுபடி சந்தையில பேச ஆரம்பிச்சுட்டாங்க. வரி பூஜ்யம்ங்கறது வேற, ரிட்டர்ன் போடணுமாங்கறது வேற, தள்ளுபடிக்கு முன்னாடி மொத்த வருமானம் 4 லட்சம் தாண்டினா போட்டே ஆகணும். 2026 ஏப்ரல் 1-லேர்ந்து புது வருமான வரிச் சட்டம், நான் மேல சொன்ன செக்‌ஷன் நம்பரெல்லாம் அதுல வேற, ஒருதரம் விசாரிச்சுக்கோங்க.

தஞ்சாவூர்ல எங்க அக்கா இருக்கு, 82 வயசு. அதுக்கும் பேமிலி பென்ஷன், டெபாசிட், 15எச் குடுக்காம 7,000 ரூபாய் பிடிச்சிருக்காங்க. ஆதார் நம்பர் எந்த போன்ல இருக்குன்னு கேட்டா "யாருக்கு தெரியும்டா"ங்குது. 80 தாண்டினவங்க ஐடிஆர்-1-ஐ பேப்பர்லயே எழுதி வருமான வரி ஆபீஸ்ல குடுக்கலாம், கம்ப்யூட்டர் வேண்டாம், ஓடிபி வேண்டாம். பாரத்தை பிரிண்ட் எடுத்து பென்சில்ல நிரப்பி வச்சிருக்கேன், வெள்ளிக்கிழமை பஸ் ஏறணும். போன்ல சொன்னேன், "கைரேகை எல்லாம் கேப்பாங்களாடா, என் விரல்லயும் ஒண்ணுமே இல்ல"ன்னுச்சு. கையெழுத்து போட்டா போதும்க்கான்னேன்.